கலப்பை இழுக்கப் பிறந்த வண்டி

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. முதல் சம்பளத்துல என்ன வாங்கலாம்னு ஹாஸ்டல் வராண்டாவில் நடக்கிற பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. பைக் பேச்சு முடிஞ்சதும் கார் பேச்சு வரும். கார்னாலே இப்போ எஸ்யூவிதான். உயரமா இருக்கணும், பெட்டி மாதிரி இருக்கணும், பின்னாடி ஸ்டெப்னி தொங்கினா இன்னும் கெத்து. அந்தப் பெட்டி உருவம் எங்கிருந்து வந்ததுன்னு தேடிக்கிட்டே போனா, வேல்ஸ் நாட்டுக் கடற்கரை ஒன்றில், மணலில் கோடு போட்டுக்கொண்டு நிற்கிற ஒரு கூச்ச சுபாவக்காரரிடம் போய்ச் சேருவோம். பெயர் மாரிஸ் வில்க்ஸ். லேண்ட் ரோவரை உருவாக்கியவர்.

லேண்ட் ரோவர் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடம். ஆனா அவங்ககூட அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கு. குடும்பம் ஏறிப் போக ஏத்த ஒரு வண்டியைச் செய்ய இந்த மனுஷன் பொறுப்பில் நாலு முயற்சி நடந்தது. மூணு கைவிடப்பட்டது. நாலாவது ஜெயித்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. நடுவில், இடைவெளியை நிரப்ப ஏதாவது செய்யலாமேன்னு தொடங்கிய வயல் வண்டிதான் உலகம் முழுக்க ஓடி, கடைசியில் பணக்காரர்களின் அடையாளமா மாறிப்போச்சு.

மாரிஸ் 1904-ல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேலிங் தீவில் பிறந்தவர். அண்ணன் ஸ்பென்சர் 13 வயது மூத்தவர், நிர்வாகத்தில் கெட்டிக்காரர். தம்பிக்கு இயந்திரம்தான் உலகம். 1926 முதல் 1928 வரை அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஹில்மன் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தார். 1929-ல் அண்ணன் ரோவர் கம்பெனிக்குப் போக, 1930-ல் தம்பியும் அங்கே சேர்ந்தார். அப்போது ரோவர் திவாலாகிற நிலையில் இருந்தது. வில்க்ஸ் சகோதரர்கள் எடுத்த முடிவு எளிமையானது: எண்ணிக்கையில் பெரிய கம்பெனிகளோட போட்டி போட வேண்டாம், டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர் மாதிரி ஆட்கள் பத்து வருஷம் வெச்சு ஓட்டக்கூடிய, சத்தமில்லாத, தரமான கார் செய்வோம். அது பலித்தது. 1930-களின் இறுதியில் ரோவர் நிமிர்ந்துவிட்டது.

போர் வந்ததும் கார் உற்பத்தி நின்றது. ஏரோநாட்டிக்கல் படிக்கிறவங்க இந்தப் பத்தியைக் கவனிங்க. ஃபிராங்க் விட்டில் வடிவமைத்த ஜெட் இன்ஜினைத் தொழிற்சாலையில் செய்யும் பொறுப்பு 1940-ல் ரோவரிடம் வந்தது. தலைமை வகித்தவர் மாரிஸ். விட்டிலுக்கும் ரோவருக்கும் ஒத்தே போகவில்லை. விட்டிலின் வடிவத்தில் காற்று முன்னும் பின்னும் திரும்பிப் போகும். ரோவர் பொறியாளர்கள் அதை நேராகப் போகும்படி மாற்றி, விட்டிலிடம் சொல்லாமலே ஒரு இன்ஜினை வளர்த்தார்கள். தெரியவந்ததும் அவர் கொதித்துப் போனார். என் கருத்தில், தொழில்நுட்பமா பார்த்தா மாரிஸ் பக்கம் நியாயம் இருந்தது. ஒளிச்சு வெச்சதில் இல்லை. கடைசியில் 1943 தொடக்கத்தில் ஜெட் வேலை ரோல்ஸ் ராய்ஸுக்குப் போனது, பதிலுக்கு டாங்கி இன்ஜின் வேலை ரோவருக்கு வந்தது. அந்த ஆசை மட்டும் மாரிஸை விடவில்லை. 1950-ல் கேஸ் டர்பைனில் ஓடும் உலகின் முதல் காரை, ஜெட் 1 என்ற பதிவு எண்ணோடு ரோவர் ஓட்டிக் காட்டியது. அது இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி 1945-க்கு வாங்க. போரில் ஜெயித்தும் பிரிட்டன் கையில் காசில்லாத தேசம். ரோவரின் பழைய கவென்ட்ரி ஆலை குண்டுவீச்சில் அடிபட்டிருந்தது. போர்க்கால உற்பத்திக்காகக் கட்டப்பட்ட சோலிஹல் ஆலை கிடைத்தது, பெரிய ஆலை. ஆனால் எஃகு ரேஷன். யார் ஏற்றுமதி செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் அரசு எஃகு ஒதுக்கும். டாக்டரும் வக்கீலும் ஓட்டும் அமைதியான ரோவருக்கு வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள்?

மாரிஸின் முதல் பதில் ஒரு குட்டிக் கார். எம்1 என்று பெயர். 699 சிசி இன்ஜின், எஃகு குறைவு என்பதால் அலுமினியத்தை நம்பிய உடல். சின்னக் குடும்பம் ஒன்று அடக்கமாகப் போய்வர ஏற்ற வண்டி. முன்மாதிரிகளும் ஓடின. ஆனால் எஃகு ஒதுக்கீட்டை வாங்கித் தரும் அளவுக்கு அது வெளிநாட்டில் விற்கும்னு யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. 1947-ல் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். குடும்பக் கார் முயற்சி ஒன்று, அவுட்.

அதே சமயத்தில் மாரிஸிடம் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே வேலைக்கு, ராணுவம் கழித்துக் கட்டிய ஒரு வில்லிஸ் ஜீப்பை வைத்திருந்தார். மரம் இழுக்க, சேற்றில் போக, எல்லாத்துக்கும் அதுதான். நொந்து நூலான வண்டி, உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம். இது ஓய்ந்துபோனா அடுத்து என்ன வாங்குவாய் என்று அண்ணன் கேட்டாராம். இன்னொரு ஜீப்தான், வேறு எதுவும் கிடைக்காதே என்றாராம் தம்பி. சொன்ன மாத்திரத்தில் இருவருக்கும் பொறி தட்டியது. ரெட் வார்ஃப் பே கடற்கரை மணலில் மாரிஸ் அந்த வண்டியின் உருவத்தை வரைந்து காட்டினார் என்பது குடும்பமும் கம்பெனியும் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை.

1947 கோடையில் முதல் முன்மாதிரி தயார். ஜீப்பின் சேஸிஸ் மேலேயே கட்டியது. ஸ்டீயரிங் எங்கே தெரியுமா? நட்ட நடுவில், டிராக்டர் மாதிரி. இடதுபக்க நாட்டுக்கு ஒண்ணு, வலதுபக்க நாட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா செய்ய வேண்டாமே என்ற கணக்கு. ஓட்டிப் பார்த்ததில் சரிவரவில்லை, கைவிட்டார்கள். செப்டம்பரில் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி உலகத்துக்கு முன்னால் நின்றது. அறிவித்ததிலிருந்து அறிமுகம் வரை எத்தனை மாசம்னு விரல்விட்டு எண்ணிக்கோங்க. நம்ம ஃபைனல் இயர் புராஜெக்டே அதைவிட இழுக்கும்.

இங்கே கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். இன்னிக்கு ஸ்டைல்னு நாம சொல்ற ஒவ்வொண்ணும் அன்னிக்கு இல்லாமையில் பிறந்தது.

தட்டையான பலகை மாதிரி உடல் ஏன்? வளைவான பாகங்களை அழுத்தி எடுக்கப் பெரிய டை வேணும், டை செய்ய லட்சக்கணக்கில் செலவு. தகட்டைக் கையால் மடித்தே செய்துவிடக்கூடிய வடிவமா வரைந்தார்கள். அலுமினியம் ஏன்? எஃகு ரேஷனில் இருந்தது. பர்மாப்ரைட் என்ற அலுமினியம்-மக்னீசியம் கலவை கிடைத்தது. சேஸிஸ் மட்டும் எஃகு, அதுவும் தட்டைப் பட்டைகளை நாலு பக்கமும் வைத்து வெல்ட் செய்த பெட்டி வடிவம். இங்கே மெட்டலர்ஜி மாணவர்கள் சிரிக்கலாம்: அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்புத்தண்ணி பட்டால் என்ன ஆகும்? கால்வானிக் அரிப்பு. பழைய லேண்ட் ரோவர் வைத்திருக்கிறவர்களின் தீராத தலைவலி அது. எல்லா வண்டியும் ஏன் வெளிர்பச்சை? போர் விமானங்களின் உள்பக்கத்துக்கு அடிக்க வாங்கிய பெயின்ட் மிச்சம் கிடந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ஏற்கெனவே ரோவர் காருக்காகச் செய்துகொண்டிருந்தவை: 1.6 லிட்டர், சுமார் 50 குதிரைசக்தி. கூடவே ஒரு டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் சேர்த்து நாலு சக்கரத்துக்கும் விசை கொடுத்தார்கள். இன்ஜின் சக்தியை வெளியே எடுத்து ரம்பம், பம்பு, கதிரடிக்கும் இயந்திரம் ஓட்டவும் வசதி இருந்தது. கலப்பை கட்டி உழுது காட்டினார்கள். விலை 450 பவுண்டு. தொடக்கத் திட்டத்தில் கதவும் மேல்துணியும்கூடத் தனிக் காசு.

கதவே எக்ஸ்ட்ரா. இதை மனசுல வெச்சுக்கிட்டு இன்னிக்கு ஷோரூம்ல ஆம்பியன்ட் லைட்டிங் பத்தி விற்பனையாளர் பேசுறதைக் கேளுங்க.

இரண்டு மூன்று வருஷம் ஓட்டி, கார் உற்பத்தி சீரானதும் நிறுத்திவிடலாம் என்பதுதான் எண்ணம். நிறுத்த முடியவில்லை. சில வருஷத்திலேயே ரோவரின் கார்களைவிட லேண்ட் ரோவர் அதிகமாக விற்றது. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ராணுவங்கள், உதவி நிறுவனங்கள் என எல்லோரும் வாங்கினார்கள். 1959-ல் இரண்டரை லட்சமாவது வண்டி வெளியே வந்தது.

மாரிஸுக்குக் குடும்ப நினைப்பு போகவில்லை. 1948-லேயே டிக்ஃபோர்ட் என்ற உடல்கட்டும் நிறுவனத்தோடு சேர்ந்து, ஏழு பேர் உட்காரும் ஸ்டேஷன் வேகன் ஒன்றை லேண்ட் ரோவர் மேல் கட்டினார்கள். ஹீட்டர், மெத்தை, மூடிய கூரை எல்லாம் உண்டு. இன்றைய ஏழு சீட்டர் எஸ்யூவிக்கு அதைப் பாட்டின்னு சொல்லலாம். படுத்துவிட்டது. காரணம் இன்ஜினீயரிங் இல்லை, வரி. சாதா லேண்ட் ரோவர் வேலைக்கான வண்டி என்பதால் அதற்குக் கொள்முதல் வரி கிடையாது. மெத்தை போட்டு ஜன்னல் வைத்ததும் அது சொந்தக் கார் ஆகிவிட்டது, முழு வரி. சாதா வண்டியின் விலையோடு பார்த்தால் இரண்டு மடங்கைத் தாண்டியது. சில நூறு மட்டுமே விற்று, 1951-ல் முடிந்தது. பிற்காலத்தில் 12 பேர் உட்காரும் மாடல் ஒன்றை ரோவர் கொண்டுவந்ததற்கும் வரிதான் காரணம்: 12 சீட் இருந்தால் சட்டப்படி அது பஸ், பஸ்ஸுக்கு வரி இல்லை. எந்த வண்டி யாருக்குப் போகும்னு தீர்மானிக்கிறதில் வரிச் சட்டத்துக்கு எவ்வளவு கை இருக்குன்னு இதிலேயே தெரியுது. இதையே நம்ம நாட்டிலும் பார்க்கலாம். 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு வரி குறைந்தது; அதன்பிறகு பின்பக்கம் வெட்டின மாதிரி எத்தனை வண்டி வந்ததுன்னு ரோட்டில் பார்த்தாலே புரியும்.

மூன்றாவது முயற்சிதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 1950-களில் ரோட் ரோவர் என்ற பெயரில் ஒரு வண்டியை ரோவர் வளர்த்தது. லேண்ட் ரோவருக்கும் சொகுசுக் காருக்கும் நடுவில் ஒன்று. ரோவர் காரின் அடிப்பாகம், பெட்டி போன்ற விசாலமான உடல், பின்சக்கரத்துக்கு மட்டும் விசை. ஃபோர் வீல் டிரைவ் வேண்டாம், ஏனென்றால் கிராமத்து ரோட்டில் பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அது தேவையே இல்லை. கண்ணாடி நிறைய இருந்ததால் ஆலைக்குள் அதைச் செடி வளர்க்கும் கண்ணாடி வீடு என்று கேலி செய்தார்கள். பல வருஷம் மாற்றி மாற்றி வரைந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கிடப்பில் போட்டார்கள். லேண்ட் ரோவரும் கார்களும் கையிருப்பு நேரத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் காலத்தில் அந்தஸ்து என்றால் எது என்பதையும் பாருங்க. 1958-ல் வந்த ரோவர் பி5 பெரிய சலூன் கார். பிற்பாடு பிரிட்டிஷ் பிரதமர்கள் அதில்தான் போனார்கள். அரசி தானே ஓட்டியதும் உண்டு. லேண்ட் ரோவரோ ஆடு ஏற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தஸ்தின் விதை அப்போதே விழுந்துவிட்டது: 1951-ல் அரச குடும்பத்துக்குச் சப்ளை செய்யும் அங்கீகாரம் லேண்ட் ரோவருக்குக் கிடைத்தது, 1954-ல் சர்ச்சிலின் 80-வது பிறந்தநாளுக்கு ஒன்று பரிசாகப் போனது. பெரிய பண்ணை வைத்திருக்கிற பிரபுக்கள் அதை ஓட்டினார்கள். வேலைக்காகத்தான் ஓட்டினார்கள். பார்த்தவர்களுக்கு வேலை கண்ணில் படவில்லை, பிரபுதான் பட்டார்.

நாலாவது முயற்சி பி6. டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் பழைய கனமான ரோவருக்குப் பதில் சின்னதாக, பாதுகாப்பாக, ஓட்ட இனிமையாக ஒரு கார். எலும்புக்கூடு போல ஒரு அடிச்சட்டகம், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டும் வெளித்தகடுகள், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பின்னால் டி டியோன் அச்சு. 1956-ல் இணை நிர்வாக இயக்குநர், 1960-ல் நிர்வாக இயக்குநர், 1962-ல் அண்ணன் ஓய்வு பெற்றதும் தலைவர் என மாரிஸ் உயர்ந்துகொண்டே போனபோது இந்த கார்தான் அவர் காலத்தின் பெரிய பந்தயம். 1963 செப்டம்பர் 8-ல் ஆங்கிள்சி வீட்டில் அவர் காலமானார். வயது 59. ரோவர் 2000 என்ற பெயரில் அந்தக் கார் அடுத்த மாதம் அறிமுகமானது. ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டபோது அதற்குத்தான் கிடைத்தது.

மிச்சக் கதை அவர் மருமகனுடையது. ஸ்பென் கிங், வில்க்ஸ் சகோதரர்களின் அக்கா தங்கை வழியில் வந்த பிள்ளை, ஜெட் 1 வேலையிலும் பி6 வேலையிலும் இருந்தவர். 1970-ல் அவர் தலைமையில் ரேஞ்ச் ரோவர் வந்தது. இலைத்தகட்டுக்குப் பதில் காயில் ஸ்பிரிங், வி8 இன்ஜின். வாரம் முழுக்க வயல், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் என்பது எண்ணம். அதனால் உள்ளே ஹோஸ் பைப் வைத்துத் தண்ணியடித்துக் கழுவுகிற மாதிரி தரை, பிளாஸ்டிக் சீட். 1980-களில் நாலு கதவு, ஆட்டோமேட்டிக், தோல், கம்பளம் ஒவ்வொன்றாக ஏறின. கழுவ முடியாத வண்டி ஆனது. லண்டனின் செல்சீ பகுதியில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட வரும் இந்த வண்டிகளுக்குச் செல்சீ டிராக்டர் என்று பட்டப்பெயரே வந்தது. 2004-ல் கிங் வெளிப்படையாகவே இந்தப் பழக்கத்தைக் கண்டித்தார். தான் செய்த வண்டியை ஊருக்குள் ஓட்டுகிறவர்களைக் கண்டிக்கிற இன்ஜினீயர் எத்தனை பேர் இருப்பாங்க?

2008-ல் அந்தக் கம்பெனி டாடாவிடம் வந்தது. 2024-ல் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் செய்வதற்கான டாடா ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். உங்களில் சிலர் அங்கேயே வேலைக்குப் போவீங்க.

அதனால ஒரு கணக்கு சொல்லிட்டுப் போறேன், நோட்டை எடுங்க. இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அகலம் 1.5 மீட்டர்னு வெச்சுக்கோங்க. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.55 மீட்டர் உயரத்தில் இருந்தால், பாதி அகலத்தை உயரத்தால் வகுக்கும்போது 1.36 வரும். அதே அகலத்துக்கு ஈர்ப்பு மையத்தை 0.7-க்குத் தூக்கினால் 1.07. இந்த எண் குறையக் குறைய வளைவில் வண்டி கவிழ்வது சுலபம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை இதைத்தான் அளவுகோலா வெச்சிருக்கு; சாதாரணக் கார்கள் பெரும்பாலும் 1.3-லிருந்து 1.5 வரை, உயரமான வண்டிகள் 1.0-லிருந்து 1.3 வரை. முன்பக்கப் பரப்பு கூடினால் காற்றின் தடையும் அதே விகிதத்தில் கூடும், ஹைவேயில் பெட்ரோல் குடிக்கும். நம்ம ஊரில் எஸ்யூவின்னு விற்கிற பல வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவே கிடையாது. அது உயர்த்திக் கட்டின ஹேட்ச்பேக். தப்பில்லை, வேகத்தடையில் அடி தட்டாது. ஆனா அதுக்கு மேல கொடுக்கிற காசு உருவத்துக்குத்தான்.

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு மலை ஏறுற ஜீப் மாதிரி வேலை உங்களுக்கு இருந்தா, தாராளமா ஃபோர் வீல் டிரைவ் வாங்குங்க. அப்பா அம்மா, தாத்தா பாட்டி, ரெண்டு பெட்டி, மாசத்துக்கு ஒரு தடவை சொந்த ஊர் என்பதுதான் உங்க தேவைன்னா, ஆறேழு பேருக்கு ஒரு எம்பிவி, நாலு பேருக்கு நல்ல பூட் உள்ள ஒரு செடான் அல்லது ஹேட்ச்பேக் போதும். ஷோரூமுக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிட்டுப் போங்க. மூட்டு வலியோட அவங்க எந்த வண்டியில் யார் கையையும் பிடிக்காம ஏறி உட்கார்றாங்கன்னு பாருங்க. மூணாவது வரிசையில் பாட்டி உட்கார்ந்த பிறகு பின்னாடி ரெண்டு பெட்டி நிக்குதான்னும் வெச்சுப் பாருங்க. டெஸ்ட் டிரைவ் அதுக்கப்புறம்.